குளத்துக் கணக்கும் கந்தோர்க் கணக்கும்

2010 மார்கழியில், வட்டக்கச்சியில், நான் விதைநெல்லைச் சாப்பிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியனாக வேலை பார்த்தவன் இப்படி எழுதுவது வெட்கக்கேடுதான். நடந்தது அதுதான்.

மீள்குடியேறி ஒரு வருடமாகாத வளவு. தகரக் கொட்டில். 2009 சித்திரைக்குப் பிறகு புருசன் எங்கே என்று தெரியாத ஒரு பெண், மூன்று பிள்ளைகள். அவருக்கு ஒரு தொண்டு நிறுவனம் நாலு புசல் விதைநெல் கொடுத்திருந்தது. ஏக்கருக்கு இரண்டு புசல் என்று இரண்டு ஏக்கருக்குக் கணக்கு. நெல்லை விதைத்துவிட்டாரா என்று பார்த்துப் படிவத்தில் கையெழுத்து வைப்பது என் வேலை. நான் போன நேரம் மழை விட்டு வெயில் எறித்திருந்தது. முற்றத்தில் சாக்கை விரித்து அவித்த நெல்லைக் காயப்போட்டிருந்தார். முதல் நாள் குற்றிய அரிசி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"சேர், இதை இப்ப விதைச்சால் குளமே சிரிக்கும். அவிச்சுப்போட்டன். இருங்கோ, ஒருவாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்."

படித்த என்னைவிட அவர் கணக்குச் சரி. கொடுத்தது மூன்றரை மாத நெல். மார்கழிக் கடைசியில் விதைத்தால் சித்திரையில்தான் வெட்டலாம். ஊர் தையிலும் மாசியிலும் வெட்டிவிடும். ஊரெல்லாம் வெட்டி மாட்டை அவிழ்த்துவிட்ட பிறகு ஒரு வயல் மட்டும் பச்சையாக நின்றால், சுற்றுவட்டாரத்து மாடு, குருவி, பூச்சி எல்லாவற்றுக்கும் அதுதான் பந்தி. காவலுக்கு ஆண் துணை இல்லாத வீட்டில் யார் இரவிரவாக வயலில் கிடப்பது? அதற்கு முதல், அந்த வயலில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. அதிலே விதைப்பதென்றால் மீனுக்குத்தான் விதைக்க வேண்டும்.

படிவத்தில் 'விதைக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினேன். இல்லை என்று எழுதினால் அடுத்த உதவிப் பட்டியலில் அவருடைய பெயர் இருக்காது. அந்தக் கிழமையில் அப்படி எத்தனை 'ஆம்' எழுதினேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த நிறுவனத்தின் அறிக்கையில் அந்தப் போகம் நன்றாகவே விளைந்திருக்கும்.

நெல் பிந்தியதற்குக் கெட்ட மனிதர் எவரும் காரணமில்லை. கொழும்பில் கேள்விப்பத்திரம், பிறகு அனுமதி, பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடி, பிறகு சேற்றில் புதைந்த லொறி. டிசம்பர் 31க்குள் காசைச் செலவழித்துக் கணக்கை மூட வேண்டும் என்ற ஒரு தேதி மட்டும் பிசகவில்லை. ஐப்பசியில் வந்திருந்தால் அது விதை. மார்கழியில் வந்தபடியால் சோறு.

ஓய்வுபெற்றுவிட்டேன். இப்போது இரணைமடுவின் வலதுகரை வாய்க்காலில், ஏறக்குறையக் கடைசியில் கிடக்கிற மூன்று ஏக்கரைச் செய்கிறேன். போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் 'வன்னிக் கமக்காரருக்கு இவ்வளவு கொடுத்தும் ஏன் நிமிரவில்லை?' என்று கேட்கிறவர்களைக் கூட்டங்களில் காண்கிறேன். சிலர் 'நிவாரணத்துக்குப் பழகிப்போன சனம்' என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த நாலு புசல் நெல்லின் கதையைத்தான் சொல்ல நினைக்கிறேன். எங்களைக் கட்டியெழுப்ப வந்த ஒவ்வொரு கையிலும் ஒரு நாட்காட்டி இருந்தது. அதில் ஒன்றுகூடக் குளத்தினுடையது இல்லை.

நன்றி கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது என்னிடம் இருந்தவை உடுத்த உடுப்பும் அடையாள அட்டையும். எனக்குக் கொடுத்த மண்வெட்டி இன்னும் இருக்கிறது, பிடியை மட்டும் இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன். தகரம் தந்தார்கள், ஆறு மாத உலருணவு தந்தார்கள். இந்தியா 500 உழவு இயந்திரங்கள் அனுப்பியது. கடைசிப் போரில் உழவுமெசினை எல்லாம் முள்ளிவாய்க்கால் றோட்டோரங்களில் விட்டுவிட்டு வந்த சனத்துக்கு அது சின்ன உதவியில்லை. பிறகு வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் கட்டவும் இந்தியா காசு கொடுத்தது. அரசாங்கத்தின் பங்குக்கு 'வடக்கின் வசந்தம்' வந்தது. அதன் முதல் துண்டுக்கு '180 நாள் திட்டம்' என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் எங்களில் ஒரு முதியவர் விரல்விட்டு எண்ணினார். "ஆறு மாசம். ஒரு போகமும் அரைவாசியும்" என்றார். அவருக்கு ஆறு மாதமும் நெல்லாகத்தான் தெரியும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நிலத்தின் வேகத்துக்கு வேலை செய்தவர்கள் என்றால் மிதிவெடி அகற்றியவர்கள்தான். முழங்காலில் குந்தியிருந்து, சாண் சாணாக மண்ணைக் கிளறி, ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர். அவர்களிடம் 'இந்த மாதத்துக்குள் முடி' என்று எவரும் கத்த முடியாது. கத்தினால் கால் போகும். அந்த வேலையில் எங்கள் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! புருசனை இழந்தவர்கள், தமையனை இழந்தவர்கள். முகமாலையில் அந்த வேலை வருடக்கணக்காக இழுபட்டது. இழுபட்டது என்று நான் குறை சொல்லவில்லை. அந்த வேலை அப்படித்தான் செய்யப்பட வேண்டும். கமத்தைத் திரும்பக் கட்டுவதும் கிட்டத்தட்ட அதே மாதிரி வேலை என்பதுதான் எவருக்கும் விளங்கவில்லை.

குளத்தின் நாட்காட்டி என்றால் என்ன என்று நகரத்து வாசகருக்குச் சொல்ல வேண்டும். இரணைமடுவை வெள்ளைக்காரன் 1902இல் கட்டத் தொடங்கினான். கனகராயன் ஆற்றை மறித்த குளம். வடக்கில் இதைவிடப் பெரிய குளம் இல்லை. முந்தி 34 அடி, போருக்குப் பிறகு திருத்தி 36 அடி ஆக்கினார்கள். இதை நம்பிக் கிட்டத்தட்ட 21,000 ஏக்கர் வயல் கிடக்கிறது. ஐப்பசியில் விதைக்கிற காலபோகத்துக்கு மழை இருக்கிறது. குளம் துணைக்கு நின்றால் போதும். வெயில் காலத்துச் சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்துத் தண்ணி. எல்லாருக்கும் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் தேதியில் துருசு என்கிற மதகைத் திறப்பது, எந்தத் தேதியில் பூட்டுவது என்று பங்குனி, சித்திரையில் ஒரு கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டம். அரச அதிபர் தலைமை, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவைக்காரர், கமக்காரர் அமைப்புகள். சத்தம் சந்தையைத் தோற்கடிக்கும். அங்கே எடுக்கிற தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு. மீறி விதைத்தவன் தண்ணி கேட்க முடியாது.

எங்கள் ஊரில் சனநாயகம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் தேர்தலைக் காட்டமாட்டேன், அந்தக் கூட்டத்தைத்தான் காட்டுவேன். மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் மூன்று இலட்சத்துக்குக் கிட்டச் சனம் முள்ளுக்கம்பிக்குள்ளே கிடந்த நாட்களில், தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் கேட்ட கேள்வி: "குளம் எத்தினை அடியாம்?" ஒருவருக்கும் தெரியாது. கேட்பதை நிறுத்தவும் இல்லை.

இந்த 'எத்தனை அடி' என்ற கேள்வியால் நாங்கள் ஒருமுறை ஊர்ப் பகையே வாங்கிக் கட்டினோம். இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். 2013இல் எங்கள் கமக்காரர் எதிர்த்தார்கள். 'தண்ணி தரமாட்டோம் என்கிற வன்னியார்' என்று பெயர் விழுந்தது. என் அப்பாவே ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். என் தங்கச்சி இப்பவும் வலிகாமத்தில் இருக்கிறாள். அவளுடைய கிணற்றுத் தண்ணியில் நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கொட்டிய உரம் கீழே இறங்கி அவளுடைய குடத்துக்கு வந்திருக்கிறது. அவளுக்குத் தண்ணி வேண்டாம் என்று நான் சொல்வேனா? தொலைபேசியில் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "அண்ணா, உங்கட ஆக்களுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

பிரச்சினை எங்கே இருந்தது என்று சொல்கிறேன். பொறியியலாளர்கள் வருடச் சராசரியைக் காட்டினார்கள். வருடத்துக்கு இவ்வளவு தண்ணி வருகிறது, இவ்வளவு வான் பாய்ந்து கடலுக்குப் போகிறது, அதிலே ஒரு சிறு துண்டுதான் கேட்கிறோம் என்றார்கள். கணக்கில் பிழையில்லை. நெல் சராசரியைக் குடிப்பதில்லை. அது ஆடியிலும் ஆவணியிலும் குடிக்கிறது, குளத்தின் அடி தெரிகிற மாதங்களில். குடிநீர்க் குழாயும் அதே மாதங்களில்தான் கூடக் கேட்கும். மழை பொய்த்த வருடத்தில் ஆடியில் எவருடைய கதவை முதலில் பூட்டுவீர்கள் என்று கமக்காரர் கேட்டார்கள். அதற்கு நேரான பதில் எந்தக் கடதாசியிலும் எங்களுக்குக் காட்டப்படவில்லை. கடைசியில் தாளையடியில் கடல் தண்ணியைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். தங்கச்சிக்கும் எனக்கும் இப்போது சமாதானம். அந்த ஒரு கேள்விக்கு முதல் வருடமே மனம்விட்டுப் பதில் சொல்லியிருந்தால் இரண்டு ஊருக்கிடையில் அவ்வளவு கசப்பு வந்திராது என்று இன்னும் நினைக்கிறேன்.

இனிக் கடன். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருவதைத் தடுக்க முடியவில்லை.

ஏ9 பாதை திறந்த பிறகு முதலில் வந்தவை வங்கிகளும் லீசிங் கம்பனிகளும். பெரிய வங்கி எங்கள் பெண்களுக்குக் கடன் கொடுக்காது. ஈடு வைக்கக் காணிப் பத்திரமில்லை, நகையெல்லாம் கடைசிப் போரில் மாத்தளனில் போய்விட்டது. அந்த இடைவெளிக்குள் நுண்கடன்காரர் நுழைந்தார்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு, ஒருவருக்கொருவர் பிணை. கிழமைக்கொருமுறை மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியன் வருவான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவள் வீட்டுப் படலையில் காத்திருக்க வேண்டும். கட்டும்வரை அவன் போகமாட்டான்.

நெல் வருடத்தில் இரண்டுதரம் காசு தரும். சிறுபோகப் பங்கு கிடைக்காவிட்டால் ஒருதரம். அப்படிப்பட்ட வருமானத்திலிருந்து கிழமைக்கொருதரம் எப்படிக் கட்டுவது? இதைக் கண்டுபிடிக்கப் பொருளியல் படிக்க வேண்டியதில்லை. விதைத்து மூன்றாம் கிழமை வயலில் என்ன இருக்கும்? புல்லு மாதிரி நாற்று. அதை விற்றா கட்டுவது? ஆக, முதல் கடனைக் கட்ட இரண்டாவது கம்பனி, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. நான் அறிந்த ஒரு வீட்டில் ஒரே சனிக்கிழமையில் மூன்று மோட்டார் சைக்கிள் நின்றது. வீட்டுக்காரி பின்வேலியால் போய்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருந்தாள். செல்லடிக்கு ஓடி ஒளித்த அதே திசை.

வீடும் இதில் ஒரு பங்கு வகித்தது. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா தந்தார்கள். பகுதி பகுதியாக. அத்திவாரம் முடிந்தால் அடுத்த காசு, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. வீட்டையும் போகத்தையும் ஒரே கையால்தான் செய்ய வேண்டும். கூரைக்குக் காசு காணாமல் போன இடத்தில் கடன்காரன் நின்றான். வீடு நல்ல வீடு. அதற்குள் இருப்பவர் சனிக்கிழமைகளில் காட்டுக்குள்.

2018இல் பெண்கள் தெருவுக்கு இறங்கிக் கத்திய பிறகு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. வட்டிக்கும் மேல் வரம்பு வைத்தார்கள்: வருடத்துக்கு நூற்றுக்கு 35. முப்பத்தைந்து என்பது ஏழைக்குச் செய்த சலுகை என்றால், அதற்கு முதல் என்ன நடந்தது என்று வாசகர் ஊகிக்கலாம். தவணையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிழமைக் கட்டு கிழமைக் கட்டாகவே இருந்தது.

நான் பழைய காலத்தைப் புகழ்கிறவன் இல்லை. முந்திக் கடைக்கார முதலாளி கமக்காரனுக்குக் கடன் கொடுத்து, சூடு அடித்த களத்துக்கே சாக்கோடு வந்து நெல்லை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயக்காரருக்கும் தெரியும், களத்தில் நெல் இருக்கிற நாள்தான் கடன் கேட்கிற நாள் என்று. எங்கள் கூட்டுறவுச் சங்கங்களும் அப்படித்தான் கொடுத்தன: ஐப்பசியில் கடன், பங்குனியில் அறவீடு. அந்தச் சங்கங்கள் போரில் நொடித்துப்போயின. அவற்றை நிமிர்த்தக் கொடுத்த காசு, கம்பனிகள் வந்து நிறைந்த பிறகுதான் வந்தது.

விதைநெல் அவித்த அந்தப் பெண்ணின் காணிக்குத் திரும்பப் போவோம். அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிட் காணி. பேர்மிட் புருசனின் பெயரில். ஆளைக் காணவில்லை. செத்தார் என்றால் மனைவிக்கு உரிமை வரும். காணவில்லை என்றால்? 2010இல் ஒரு சட்டம் வந்தது, ஆளை ஒரு வருடத்துக்கு மேல் காணாவிட்டால் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று. எடுத்தால் காணி உங்கள் பக்கம். எடுத்தால் நீங்களே கையெழுத்து வைத்துப் புருசனைச் சாகடித்ததாகவும் ஆகும். அவர் எடுக்கவில்லை. உரமானியம் வேண்டுமா, பயிர்க் காப்புறுதி வேண்டுமா, ஒவ்வொரு போகமும் விதானையாரிடம் கடிதம். ஆளைக் காணவில்லை என்றே அத்தாட்சிப்படுத்துகிற சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்ற சட்டம் 2016இல்தான் வந்தது. அதற்குள் பன்னிரண்டு, பதின்மூன்று போகம் போய்விட்டது. இந்த அம்மாவுக்குச் சட்டமும் விதைநெல் மாதிரியே வந்தது.

இன்னுமொன்று. பேர்மிட்காரர் வாரிசு சொல்லாமல் செத்தால், மனைவிக்கு அடுத்தபடியாக மூத்த மகனுக்கே முதலிடம் என்று அந்தக் காணிச் சட்டத்தின் அட்டவணை சொன்னது. போரில் எங்கள் வீடுகளில் எவர் மிஞ்சினார்கள் என்று பார்த்தால் அது எவ்வளவு கொடுமையான வேடிக்கை என்று விளங்கும். 2022இல்தான் அதைத் திருத்தி மகளையும் மகனுக்குச் சமமாக வைத்தார்கள்.

காணி விசயத்தில் கந்தோரின் அவசரத்தையும் பார்த்தோம். 2025 மார்ச் 28இல் ஒரு வர்த்தமானி. வடக்கில் 5,940 ஏக்கர் அளவுக் காணிக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் நிரூபிக்க வேண்டும், இல்லையேல் அரச காணி. உறுதி எரிந்தது, தோம்பு தொலைந்தது, உரித்தாளர் கனடாவில், சாட்சி சொல்ல வேண்டிய அயலவர் முள்ளிவாய்க்கால் மண்ணில். மூன்று மாதம்! ஆட்கள் திரண்டு எதிர்த்து, வழக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். ஒரு பெண்ணின் பேர்மிட்டுக்கு ஏழு வருடம் எடுத்த அரசாங்கத்துக்கு, காணியை எடுக்க மூன்று மாதம் போதுமாயிருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் வயலிலும் வளவிலும் வளர்ந்த பற்றையைக் காடு என்று சொல்லி அரசாங்கம் எல்லைக் கல்லு நட்ட கதை தனிக் கட்டுரைக்குரியது. காலபோகம் விதைத்தவுடன் மாட்டுப்பட்டிகளைக் கொண்டுபோய்க் கட்டுகிற காட்டோரங்களும் அந்தக் கல்லுகளுக்குள் போய்விட்டன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தப்பித் தவறி எல்லாம் சரியாய் அமைந்து, நெல்லும் விளைந்துவிட்டால்?

வெட்டும் மெஷின் ஒரே நாளில் மூன்று ஏக்கரை முடித்துவிடும். முந்தி அருவி வெட்டி, சூடு வைத்து, ஆறுதலாக அடித்த காலத்தில் நெல் கதிரிலேயே காய்ந்துவிடும். இப்போது மெஷினிலிருந்து பச்சை நெல்லாகக் கொட்டுகிறது. காயவிடக் களமில்லை. ஆகையால் காப்பெற் றோட்டில் பரவுகிறோம். தை, மாசியில் பரந்தன் பக்கம் வருகிறவர்கள் கண்டிருப்பார்கள், பாதி றோட்டுக்குப் பொன்னிறப் பாய் விரித்த மாதிரி. வெளியூர்க்காரர் இறங்கிப் படமெடுக்கிறார்கள். எத்தனையோ கோடி செலவழித்த அந்த றோட்டுகளால் எங்கள் கமத்துக்குக் கிடைத்த நேரடி நன்மை இதுதான் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. முழுப் பகிடியில்லை.

நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரம் நூற்றுக்கு 14க்கு மேல் இருந்தால் முழு விலை தராது. அது நியாயம். நியாயமில்லாதது, அது கதவு திறக்கிற நாள். 2025இல் நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று உத்தரவாத விலையை அரசாங்கம் அறிவித்தபோது பெப்ரவரி பிறந்துவிட்டது. வெட்டு அதற்கு முதலே தொடங்கிவிட்டது. வெட்டுக்கூலி கடன், உரம் கடன், கம்பனிக் கட்டு. தனியார் லொறி வயல் வரம்பில் நிற்கிறது. விலை அறிவிக்கும்வரை நெல்லைப் பூட்டிவைக்க எங்களில் எத்தனை பேருக்கு வீட்டில் இடம் இருக்கிறது? எத்தனை பேருக்கு வயிற்றில் இடம் இருக்கிறது?

2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த கூத்தையும் இதிலேயே சேர்க்கலாம். மே மாதத்தில் வர்த்தமானி, நவம்பரில் வாபஸ். இயற்கை உரத்துக்கு நான் எதிரியில்லை. மாட்டெருவும் பசளைச் செடியும் போடச் சொல்லித்தான் இருபது வருடம் போதித்தேன். ஒரு மண்ணை அதற்குப் பழக்க நாலைந்து போகம் வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் போதித்தேன். அவர்கள் அரைப் போகம்கூடத் தரவில்லை. ஏக்கருக்கு இருபத்தைந்து மூட்டை காண்கிற என் மூன்று ஏக்கர் நிலம், அந்தக் காலபோகம் ஏக்கருக்குப் பதினொன்று தந்தது. தடையை எடுத்த நேரம் பயிர் மஞ்சளாய் நின்றது.

என்ன செய்யச் சொல்கிறேன்? புதிதாக ஒரு அதிகாரசபையும் வேண்டாம், செயலணியும் வேண்டாம். இருக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நம்புங்கள். இப்போது அந்தக் கூட்டக் குறிப்பில் நாலு தேதி எழுதுகிறார்கள்: தண்ணி திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடு அகற்றும் நாள், தண்ணி பூட்டும் நாள். அதே குறிப்பில் இன்னும் நாலு தேதியை எழுதுங்கள் என்கிறேன். கமநல சேவை நிலையத்துக்கு உரம் வந்து சேரும் நாள். வங்கியும் கம்பனியும் கடன் கொடுக்கும் நாள். அதை அறவிடும் நாள், வெட்டு முடிந்து ஒரு மாதம் கழித்து. நெல் சபைக் களஞ்சியம் திறக்கும் நாள், முதல் மெஷின் வயலில் இறங்குவதற்கு முதல். தொண்டு நிறுவனமோ அமைச்சோ எந்த வாழ்வாதாரத் திட்டம் கொண்டுவந்தாலும் தொடக்கமும் முடிவும் அங்கே சொல்லட்டும். 'டிசம்பர் 31' என்றால் எங்கள் கிழவர்கள் அங்கேயே சிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கிக்காரர் இப்பவும் கூட்டத்துக்கு வருகிறார்தான். கடைசி வரிசையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். அவரை முன் வரிசைக்குக் கூப்பிட்டு, தேதியைக் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்குங்கள். கமக்காரன் தேதி பிந்தினால் தண்ணி இல்லை என்கிற சட்டம், கந்தோர் தேதி பிந்தினாலும் ஏதாவது ஒன்று இல்லை என்று சொல்லட்டும்.

காசு கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செலவு ஒரு கொப்பியும் பேனையும்.

கூட்டத்தில் இதைச் சொல்லலாம் என்று போன சிறுபோகத்துக்கு முதல் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். விதைநெல் அவித்த அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. அந்த முறை அரை ஏக்கர் பங்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தார். காலையில் என் படலையில் சைக்கிளை நிற்பாட்டி, "சேர், எத்தினையாம் தேதி தண்ணி திறக்கினம்? உழவுமெசினுக்குச் சொல்லவேணும்" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கூட்டம் இரண்டாவது தரமும் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. வர வேண்டிய பெரியவருக்கு அன்றைக்குக் கொழும்பில் வேறு கூட்டமாம்.